மாமியாரும் ஆட்டுத்தொடையும்

காதல் கல்யாணம் என்று எங்களோடு பேசாமலே இருந்த மாமியார், முதல் தடவையாக எங்கள் வத்தேகம வீட்டுக்குச் சாப்பிட வரப்போகிறார்! கைகால் ஓடவில்லை எனக்கு. முழு ஆட்டுத்தொடை வாங்கி, மிளகும் பூண்டும் தேசிக்காய்ச் சாறும் பூசி ஊறவைத்தேன். ஓவனில் வைத்தால் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, கதவு மூடவே இல்லை! தட்டோடு, பாண் ரொட்டி சுடும் பேக்கரிக்கு ஓடினேன்.

"பாண் எடுத்தாச்சி, போறணை அடுப்பு இன்னும் சூடாத்தான் ஈக்கி. தாங்க தங்கச்சி," என்றார் பேக்கரி நானா. எலும்பு கருகாமலிருக்கப் பாண் மாவை அதில் சுற்றி உள்ளே தள்ளினார்.

மேசையில் வைத்ததும் வீடே மணத்தது. மாமியார் முதலில் பிய்த்தது, எலும்பைச் சுற்றி வெந்து கொழுப்பு ஊறிய அந்தப் பாணைத்தான்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா மருமகளே?"

மருமகளே! அதுவரை அப்படி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

இறைச்சி எப்படி இருந்ததென்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.