கூட யாரு வந்திருக்காங்க?

கேள்வியையும் நானே எழுதி, பதிலையும் நானே எழுதி, அந்தப் பரீட்சையில் நானே தோற்றுப்போன மேதை நான்.

வேலூரில் மருத்துவ மாணவர்களுக்கு, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுத்தருவது என் வேலை. பழகிப் பார்க்க வசதியாகக் கணினித் திரைக்குள் ஒரு நோயாளியை உருவாக்கினோம். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்பவர். சர்க்கரை வியாதி. மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்பதை மாணவர்கள் பக்குவமாகப் பேசி வாங்க வேண்டும். குரல் என்னுடையது. யாரும் கேட்காமலே கொஞ்சம் இருமலும் சேர்த்துக் கொடுத்தேன்.

வெள்ளோட்டத்தில் முதல் மாணவன் கேட்டான்: "கூட யாரு வந்திருக்காங்க?"

"தங்கள் கேள்வி புரியவில்லை" என்றார் நோயாளி.

அடுத்தவளும் அதையே கேட்டாள். அவளுக்கு அடுத்தவனும். எங்கள் பக்கத்தில் பல்வலிக்குக்கூட யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. தினம் பார்க்கிறேன், இருந்தும் மனுஷனை அநாதையாக உட்கார வைத்துவிட்டேன்.

ஆக, அவருக்கு அவசரமாக ஒரு மனைவி தேவைப்பட்டார். குரலுக்கு என் மனைவியைப் பிடித்தேன். நான் எழுதிக் கொடுத்த வசனத்தைப் படித்துவிட்டு, "இப்பிடி எவ பேசுவா?" என்று தாளை மடித்து வைத்தாள். தன் இஷ்டத்துக்குப் பேசிப் பதிவு செய்தாள்.

கல்லூரி முதல்வர் பார்வையிட வந்தார். அவருக்குப் பிடித்தால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் எங்கள் அறை ஸ்டோர் ரூம் ஆகிவிடும். மாணவர்கள் சொதப்பிவிடுவார்களோ என்று பயந்து நானே திரைமுன் உட்கார்ந்தேன்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"எங்க போடறாரு! சொன்னா கேக்கற ஆளா இவரு?" என்றது என் மனைவியின் குரல்.

"நான் அவரைக் கேக்கறேன்."

"அவருக்கு இன்னா தெரியும்? என்னைக் கேளுங்க."

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

இருவருமே வாயை மூடிக்கொண்டார்கள். 'நோயாளி மேலும் பேச விரும்பவில்லை' என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பின்னால் மாணவர்கள் இருமினார்கள். அது இருமல் இல்லை.

முதல்வர் எழப்போனார். "சார், நான் ஒரு வாட்டி பேசிப் பாக்கட்டுமா?" என்று ஆம்பூர்க்கார மாணவி ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் நோயாளியைத் திரும்பியே பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க இல்லன்னா இவரு ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்க மாட்டாரு போல."

"அப்பிடிச் சொல்லும்மா!"

"இவர்கிட்ட ரெண்டு வார்த்த கேக்கட்டுமாக்கா?"

"கேளு, கேளு."

நான் எவ்வளவு கேட்டும் வராத என் சொந்தக் குரல் அவளிடம் மெதுவாக வாய் திறந்தது. "மாத்திரை போட்டா வேல நேரத்துல தலை சுத்துதும்மா. வூட்ல சொன்னா பயந்துடுவான்னு சொல்லல."

முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரூம் உங்களுக்குத்தான் சார். ஆனா கிளாஸை இந்தப் பொண்ணு எடுக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நியாயம் கேட்டேன். "காலேஜே சிரிச்சுது. என்னை ஒரு வார்த்த பேச விடல நீ. அப்பிடி நடிக்க எங்கதான் கத்துக்கிட்ட?"

வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "நான் எங்க நடிச்சேன்?"