குரலை நம்பி இறங்கிய கூடை

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்திப் போட்டுக்கொள், மற்றபடி யார் என்ன பேசினார்களோ அதை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மயிலாப்பூர்த் தெருக்களில் கூவி மீன் விற்கிறவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்களுடையது கடற்கரையோரக் கிறிஸ்தவக் குடும்பம். மாதா கோயிலைச் சுற்றியிருக்கிற குடும்பங்கள் சேர்ந்து வாரத்துக்கு ஒரு வீடு என்று சாயங்காலம் கூடி ஜெபம் சொல்வோம். அன்பியம் என்று அதற்குப் பெயர். ஜெபம் எனக்குப் பிடிக்கும். முடிந்ததும் கொடுக்கிற சுண்டல் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும். பட்டாணியா கொண்டைக்கடலையா என்று படியேறும்போதே கண்டுபிடித்துவிடுவேன்.

போன கோடையில் ஒரு வாரம் டீச்சர் வீட்டில் கூடினோம். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. காலையில் நான் கூவுகிற சத்தம் கேட்டதும் பால்கனிக்கு வந்து கயிற்றில் கூடையை இறக்குவார். நான் மீனைப் போடுவேன், மேலே இழுத்துக்கொள்வார். மற்றவர்களெல்லாம் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "புதுசாம்மா?"

அன்றைக்கு ஜெபம் முடிந்து சுண்டல் கைக்கு வந்த பிறகு பேசியது ஒரு சின்ன வயசு சிஸ்டர். கடவுள் மனுஷனைக் கூப்பிடுவதைப் பற்றி முதல் காலத்துக் கிறிஸ்தவர்கள் என்னென்ன உவமை வைத்து எழுதினார்கள் என்பதுதான் பேச்சு. வலை வீசிப் பிடிப்பது போல என்று ஆரம்பித்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"சிஸ்டர், வலைல மாட்டுன மீனு செத்துப்பூடும். சாமி கூப்டா நமக்கும் அந்தக் கதிதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துவிட்டு, "அதனாலதான் ஆயா, ஒரு உவமையோட நிறுத்தாம நிறைய சொல்லி வெச்சாங்க" என்றார்.

அடுத்தது கல்யாண விருந்துக்கு அழைப்பது. அழைத்தவர்களெல்லாம் சாக்குச் சொல்லிவிட்டு வராமல் போனார்களாம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் அப்படி நடந்திருக்கிறது, அது வேறு கதை. அதற்குப் பிறகுதான் ஆட்டு மேய்ப்பனைச் சொன்னார். ஒவ்வொரு ஆட்டையும் அதனதன் பேர் சொல்லிக் கூப்பிடுவானாம். அவன் குரல் கேட்டால் ஆடு வெளியே வருமாம். வேற்று ஆள் கூப்பிட்டால் வராதாம்.

என்னால் உட்கார முடியவில்லை.

"இத்தத்தான் சிஸ்டர் நானும் டெய்லி பண்ணிக்கினு கீறேன். முக்குல நின்னு ஒரு கூவு கூவுனா கதவு தொறக்கும். ஒருவாட்டி தொண்ட கட்டிக்கிச்சின்னு என் மருமவள அனுப்சேன். அதே மீனு, அதே தெரு. ஒருத்தி எட்டிப் பாக்கல. கூடையோட திரும்பி வந்துட்டா."

"இத்தனை வருஷமா படிக்கிறேன்" என்றார் சிஸ்டர். "ஏன் அந்த உவமையை எடுத்தாங்கன்னு இன்னைக்குத்தான் நல்லா புரியுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவளைப் பார்த்து ஒரு சிஸ்டர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும். சுண்டலில் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.

அப்போது பிரம்பு நாற்காலியிலிருந்து டீச்சர் பேசினார். "அது நிஜம்தான் சிஸ்டர். எனக்குத்தான் கண்ணு இல்லையே. இவ குரலை நம்பித்தான் கூடையை இறக்கறேன். புதுசான்னு கேப்பேன், புதுசுன்னுவா. அவ்வளவுதான்."

வாய்க்குக் கொண்டுபோன சுண்டலைத் தட்டிலேயே திரும்பப் போட்டேன்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகு எதுவும் கடலுக்குப் போகாது. நல்ல மீன் கிடைப்பதே கஷ்டம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை என்னிடம் இருந்தது மூன்று நாள் ஐஸ் பெட்டியில் கிடந்த சங்கரா மீன். மற்ற வீடுகளுக்கு அதைக் கொடுக்க வேண்டுமென்றால் புது மீன் ரத்தத்தைச் செவுளில் தடவிக் காட்ட வேண்டும். டீச்சருக்கு அந்த வேலைகூட இல்லை. "புதுசு டீச்சர், துள்ளுது" என்று சொல்லிக் கூடையில் போட்டேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால்கனி ஆணியில் அந்தக் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சிஸ்டர் சொன்ன உவமை எதுவும் என் காதில் ஏறவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு தட்டுக் கழுவுகிற சாக்கில் நின்றுகொண்டேன்.

"டீச்சர், செவ்வாக்கெழம குட்த்த சங்கரா... அது ஐஸ் மீனு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கண்ணுதானே போச்சு, மூக்கு இருக்கே. கீழ் வீட்டுப் பூனைக்குப் போட்டேன். அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

"அப்ப அன்னிக்கு இன்னா சாப்டீங்க?"

"ரசம்."

"மறாநாளும் கூடைய எறக்குனீங்களே. இப்ப எல்லார் எதுருலயும் நம்பறேன்னு வேற சொல்றீங்க. இன்னாத்துக்கு டீச்சர்?"

அவர் புடவை முந்தானையை மடிக்க ஆரம்பித்தார். "காலையில இந்த வீட்டைப் பாத்துக் கூப்பிடறவ நீ ஒருத்திதான். கூடையை இறக்கலைன்னா நீ வேற தெருவுக்குப் போயிடுவியே."

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மீன் விற்கிற வாய் எனக்கு. ஆனால் அவர் நிதானமாகச் சொன்னார். ஈரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், துடைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் தெருமுனைக்கு வந்து வாயைத் திறந்தேன். பாதிக் குரல்தான் வந்தது. அதற்கே டீச்சர் பால்கனிக்கு வந்துவிட்டார். கூடை இறங்கியது. கீழ் வீட்டுக்காரம்மா அதற்குள் என் கூடையில் கை வைத்து ஒரு மீனைப் பொறுக்கி எடுத்திருந்தார்.

"புதுசாம்மா?"

"இல்ல டீச்சர். இன்னிக்கு அத்தினியும் ஐஸ் மீனு."

கீழ் வீட்டுக்காரம்மா மீனைத் திரும்ப என் கூடையில் போட்டுவிட்டு, "நேத்து இன்னான்னு வித்த?" என்று கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

டீச்சர் கூடை வெறுமையாக ஆடி ஆடி மேலே போயிற்று.

"சரி" என்றார் மேலேயிருந்து. "நாளைக்கு வா."

கண் தெரியாதவர்தான். ஆனாலும் என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த இரண்டு தெருவைக் கூவாமலே நடந்து தாண்டினேன்.