பன்னிரண்டு பாட்டில் கடல்தண்ணீர்

"டீசல் எவ்வளவுங்க போட்டீங்க?" என்று கேட்டதும் படகுக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வேதாரண்யம் கரையில் மழை விட்டிருந்த ஒரு காலை. சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். ஆனாலும் எவ்வளவு தூரம் போனார் என்பதைத்தான் துருவுகிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

கடலின் மேற்பரப்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வானிலிருந்தே கணிக்கும். மேலே நன்னீர் படர்ந்தால் கடலின் சூடு மேலேயே தங்கிப் புயலை வளர்க்கக்கூடும் என்பதால் கடலை ஆராயும் எங்களுக்கு அந்தக் கணக்கு முக்கியம். குறித்த இடங்களில் தண்ணீர் எடுத்து அதைச் சரிபார்ப்பது என் வேலை. எனக்குக் காய்ச்சல் கண்ட வாரம் படகுக்காரர் தனியாகப் போய்ப் பன்னிரண்டு பாட்டில்களை நிரப்பி வந்தார். செயற்கைக்கோள் சொன்னதைவிட எல்லாவற்றிலும் உப்பு மிகக் குறைவு. ஆற்று முகத்துவாரத்திலேயே நிரப்பிக்கொண்டு திரும்பியிருப்பார் என்று முடிவுகட்டினேன். 'எடுத்தவர் நம்பத்தக்கவர் அல்ல' என்று தஞ்சாவூரிலிருந்த மேலதிகாரிக்கு எழுதியும் விட்டேன்.

அவருக்கும் என்மேல் ஆரம்பம் முதலே சந்தேகம்தான். "உப்பு பாக்கவா இவ்வளவு தூரம் வர்றீங்க? பின்னாடி எண்ணெய் எடுக்க வருவாங்களோ?" என்று ஒருமுறை கேட்டிருந்தார். விளக்கிச் சொல்லாமல் சிரித்து மழுப்பினேன்.

"நாளைக்கு நீங்களே வாங்க மேடம்" என்று என் டீசல் கேள்விக்குப் பதில் சொன்னார். மறுநாள் கரை மறையும் தூரம் போனோம். ஜிபிஎஸ் என் கையில்; பாட்டிலை முக்கியதும் நான்தான். மீட்டர் அதே குறைந்த உப்பைத்தான் காட்டியது. வெள்ளம் வடிந்த ஆற்றுநீர் ஒடுங்கிய பட்டையாகக் கடல்மேல் ஓடிக்கொண்டிருந்தது. பல கிலோமீட்டரைச் சேர்த்துச் சராசரியாகப் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அது அகப்படவில்லை. சந்தேகப்படுவதுதான் எங்கள் தொழில். ஆனால் வானத்துக் கருவியைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. கைலி கட்டிய மனிதரைச் சந்தேகிக்க ஒரு நொடி போதுமாக இருந்தது.

மீட்டரை நீட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கரைக்கு வந்தபிறகு சொன்னார்: "நீங்க என்னை நம்பலை. நானும் உங்களை நம்பலைங்க. ஆனா சொன்ன எடத்துலதான் நெரப்புனேன். இனிமே வேற படகு பாத்துக்குங்க."

அன்றே மேலதிகாரிக்குத் திருத்தி எழுதினேன். இன்று அந்த மேலதிகாரியின் பதவியில் நான் இருக்கிறேன். தண்ணீர் எடுத்தவரைக் குறைசொல்லிக் கடிதம் வந்தால், நீங்கள் கூடப் போனீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்க அப்போது இரண்டு முறை படகுக்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும், கடலுக்குப் போயிருக்கிறார் என்றார் அவர் மனைவி. படகு கரையில்தான் கிடந்தது.