குழித்தறியில் மூன்று தட்டு

வீடு வீடாகப் போய் அறிவியல் சொல்கிறவருக்குப் பயம் இருக்கலாம், ஆனால் அது முகத்தில் தெரியக்கூடாது என்று என்னிடம் முதலில் சொன்னவள் முள்ளிப்பட்டு நெசவாளி தனகோட்டி. ஆரணியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியலைத் தமிழில் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், நெசவு வீடுகளில் பாம்பு, தேள், பூரான் பற்றிச் சொல்லித்தரப் புறப்பட்டேன். ஓய்வுக்குப் பின் இப்படி எதிலாவது போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையிராது.

படம் பிடித்த கை

முதல் வகுப்பு தனகோட்டியின் வீட்டில் நடந்தது. தறிக்கான ஊடைநூலைத் தார்க்கட்டையில் சுற்றிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் முன்னால், நச்சுப் பாம்புகளின் வண்ணப்படத்தைப் பிரித்துப் பிடித்தேன். நியூட்டனின் விதிகளை நடத்தியபோது ஒருநாளும் நடுங்காத கை, கட்டுவிரியனின் படத்தைத் தொட்டதும் நடுங்கியது. காற்றில் தாள் ஆடுகிறது என்று சமாளித்தேன். தறிக்கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு தனகோட்டி படத்தைச் சுருட்டிக் கொடுத்தாள். "படத்துக்கே கை இப்டி ஆடுதே டீச்சர், மூஞ்சில மட்டும் காட்டிக்காதீங்க, எங்களுக்கும் ஒட்டிக்கும்."

திண்மத்தில் ஒலி

குழித்தறியில் நெய்பவர் தரையிலுள்ள குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் குழியின் வெதுவெதுப்பைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே விடியலில் தறிக்கு வருபவர்கள் விளக்கடித்து, குனிந்து, மூலை மூலையாகப் பார்த்த பிறகே காலை இறக்குவார்கள். எனக்கு அது நேர விரயமாகப் பட்டது. ஒலி காற்றைவிடத் திண்மத்தில் வேகமாகச் செல்லும், பாம்பு தரையின் அதிர்வை உடலால் உணரும், எனவே குழியின் விளிம்பில் தடியால் மூன்று முறை தட்டினால் அது தானே விலகிவிடும் என்று கற்பித்தேன். அந்தப் பருவத்தில் முப்பத்தொன்பது வீடுகளில் இதே பாடம்.

தனகோட்டியின் கணவர் பெருமாள் மட்டும், அது தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அலைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றேன். அவர் தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அலை போவும் டீச்சர், நான் இல்லன்னு சொல்லல. பாம்பு போவுமா?"

கண்ணமங்கலம் வழியாக

ஐப்பசியில் ஒரு விடியலில் பெருமாள் தொலைபேசியில் அழைத்தார். தனகோட்டி மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் காலை வைத்தாளாம், குழிக்குள் கிடந்த கட்டுவிரியன் கடித்துவிட்டதாம். பகல் நெருங்கினால் கட்டுவிரியன் ஓடாது, சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளும் என்று நான் படித்திருக்கவே இல்லை. என் வாழ்நாளில் அரைகுறையாகப் படித்துவிட்டு நடத்திய முதல் பாடம் அந்த மூன்று தட்டுதான்.

ஆரணி மருத்துவமனையில் முதல் விஷமுறிவு ஊசிகளைப் போட்டு, ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவளுக்குச் ஆரணிச் சந்தையைத் தாண்டும்போது இமைகள் சரிந்தன, பிறகு பேச்சு குழறியது. கூட வந்த செவிலியர், மூச்சு நின்றால் அழுத்திக் காற்று கொடுக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறொன்றும் செய்யத் தெரியாமல், ஊசலின் அலைவுகளை எண்ணுவதுபோல் அவள் மூச்சை எண்ணினேன். கண்ணமங்கலத்தில் ஒரு பேருந்து குறுக்கே நின்றபோது எண்ணிக்கை மேலும் குறைந்திருந்தது.

பெருமாள் மனைவியின் காலைப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். "வாய்க்குள்ளயே எண்ணுங்க டீச்சர், எனக்குக் கேக்குது."

வகுப்புக்கு வராதது

நான்கு நாள் இயந்திரம் அவளுக்காக மூச்சுவிட்டது. அந்த நான்கு நாளும் மருத்துவமனை நடையில் காலைத் தரையில் ஊன்றி உட்கார முடியாமல் பெஞ்சின்மேல் மடக்கியே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். மன்னிப்பைச் செந்தமிழில் தயாரித்துக்கொண்டு போனேன். முதல் வாக்கியத்தின் பாதியிலேயே பயனிலையைத் தொலைத்துவிட்டேன்.

தனகோட்டி கரகரத்த குரலில் எனக்காக முடித்துவைத்தாள். "வுடுங்க டீச்சர், அது உங்க கிளாஸுக்கு வரல, அதுக்கு இன்னா தெரியும்."

திரும்பவும் அதே வாசல்கள்

மற்ற முப்பத்தெட்டு வீடுகளிலும் யாரோ ஒருவர் தட்டிவிட்டுக் காலை இறக்கிக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே தொடங்கினேன். நான் சொன்னது தவறு, முன்போல விளக்கடித்துக் குனிந்து பாருங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்.

எட்டாவது வீட்டுப் பெரியவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நாங்க எப்பவும் வெளக்கு அடிச்சிப் பாத்துகினுதான் கீறோம், நீங்க மனசு நோவக் கூடாதேன்னு தட்டவும் தட்டினோம்."

தனகோட்டியைப்போல என்னை முழுதாக நம்பியவர்கள் வேறு எத்தனை பேர் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் ஒருமுறைகூட வாயில் வராத 'நான் சொன்னது தவறு' என்ற வாக்கியத்தை, கடைசியாகத் தனகோட்டியின் தறிக்கூடத்தில் சொன்னதையும் சேர்த்து, பாக்கியில்லாமல் முப்பத்தொன்பது முறை சொல்லித் தீர்த்துவிட்டேன்.