கம்பி விழும் என்பதற்கு ஆதாரம்

அலுவலகத்தில் அவளுக்கு நேரில் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'ஆதாரம்'. வெளியே மழை என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். அவள் சொன்னவரின் குடையைப் பார்ப்பாள், நனைந்திருக்கிறதா என்று. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், "எங்க பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்றபோது, "கிடையாதுங்கறத எப்படி நிரூபிப்பீங்க?" என்று கேட்டாள். பையன் வாய்விட்டுச் சிரித்தார். அது நகைச்சுவை இல்லை என்று கணவரான பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவர் வாங்கி வரும் பாலை இன்றும் மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறாள்.

"யாரைச் சந்தேகப்படற? பால்காரரையா, என்னையா?"

"பாலை."

இப்படி ஒருத்திக்கென்று உலகத்தில் ஒரு வேலை இருக்கும் என்று அவளைப் பெற்றவர்களே நினைக்கவில்லை. இருந்தது.

ரயில்வே கேட்டைத் தானாக இறக்கி ஏற்றும் மென்பொருளை வேறு யாரோ எழுதுகிறார்கள். அது தப்பு செய்யாது என்று கணித முறைப்படி நிரூபித்துக் கொடுப்பது இவள் நிறுவனத்தின் தொழில். மனிதர்கள் படித்துத் தலையாட்டினால் அது நிரூபணம் ஆகாது. ஒரு கணினி நிரல் வரிவரியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிரல் பொல்லாத கறார் பேர்வழி. ஆனால் பிறந்ததிலிருந்து கட்டடத்தை விட்டு வெளியே போனதில்லை. 'கேட்டின் குறுக்குக் கம்பி விழும் என்று வைத்துக்கொள்' என்றால் வைத்துக்கொள்ளும். நிஜக் கம்பி நிஜமாகவே விழுமா என்பது அதன் கவலை இல்லை.

அது அவள் கவலை. நிரூபணத்தின் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும், இது வரையறை, இது அனுமானம், இது தேற்றம் என்று கணினியிலேயே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பிறகு அந்தச் சீட்டை, வாக்கியத்துக்கு ஆதாரமான ஆவணத்தோடு, அதிலும் குறிப்பிட்ட பத்தியோடு, இணைக்க வேண்டும். எது எதோடு இணையலாம் என்பதற்குத் தனியாக ஒரு விதித்தொகுப்பு உண்டு. புத்தகங்களில் அதன் பெயர் 'மெய்ப்பொருளியல்'. அதைச் சொல்லி அவள் முதல் கூட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு பேர் ஆன்மிகச் சொற்பொழிவு என்று நினைத்து நழுவினார்கள். அடுத்த கூட்டத்தில் 'உறவுமுறை' என்று பெயர் மாற்றினாள், எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"ஒவ்வொரு அனுமானத்துக்கும் ஒரு அப்பா வேணும். அப்பா ஒரு சோதனை அறிக்கையா இருக்கலாம். பக்கத்து வீட்டு மாமா எல்லாம் அப்பா ஆக முடியாது. அந்த அறிக்கைக்கும் ஒரு அப்பா வேணும். அளந்த கருவியோட சான்றிதழ், இல்லாட்டி ஏற்கெனவே நிரூபிச்ச ஒரு தேற்றம். புரியுதா?"

உறவு பொருந்தினால் வாக்கியம் திரையில் பச்சை. நாதியற்று நின்றால் சிவப்பு. எல்லாம் பச்சையானதும் அவள் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து விழுந்தால் கேட் சாலைக்குப் போகும்: காவலுக்கு ஆள் இல்லாத கேட், பள்ளிப் பேருந்துகள் கடக்கும் சாலை. ஆகவே பேனாவைத் திறக்கும் முன் எல்லாவற்றையும் இன்னொரு தடவை படிப்பாள்.

அந்த வாரம் ஒப்படைக்க வேண்டிய வாரம். ஒரே ஒரு சிவப்பு மிச்சம்: 'மின்சாரம் நின்றால் கம்பி தன் எடையிலேயே உரிய நேரத்துக்குள் விழும்.' அதைச் சிவப்பாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் பச்சை.

சிவப்பைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும். பச்சையைப் பார்த்தால் பயம் வரும். தானாகப் பழுத்த பச்சையைப் பார்த்தபோது இரண்டும் சேர்ந்து வந்தன.

சந்தேகத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எதிர் மேசையிலேயே இருந்தான். விற்பனைப் பிரிவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவன்; சீட்டுகளை இணைக்கும் உரிமை அவளைத் தவிர அவனுக்கு மட்டும்தான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான் என்பதால் 'சிரிப்பு' என்றே பெயர். விற்பனையில் இல்லாததையெல்லாம் இருக்கிறது என்று விற்றவன் இல்லாத ஆதாரத்தை ஒட்டமாட்டானா? அன்று முழுக்க அவனை ஓரக்கண்ணால் மேய்ந்தாள். மேலாளரோடு நின்று காபி குடித்தான். அவள் அந்தப் பக்கம் போனால் திரையில் எதையோ சட்டென்று மூடினான்.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான் மேடம்," என்று சிரித்தான். வேலை நேரத்தில் 'சும்மா' இருப்பதாகத் தானாக ஒப்புக்கொள்பவன் வேறு எதையோ மறைக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னாள். "சிரிச்சே கழுத்தறுக்கிற ரகம்."

"சிரிச்சதைத் தவிர வேற என்ன செஞ்சான்?"

"அதான் தெரியல."

"அப்ப அவன் குற்றவாளிதான்," என்றார் அவர், தயிரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு.

மறுநாள் நேராகவே போய் நின்றாள். "கம்பிக்கு அப்பா வெச்சது நீங்களா?"

"நான்தான் மேடம். முந்தாநேத்து சாயந்திரம் சோதனைக் களத்து அறிக்கை வந்துச்சு. இணைச்சேன்." சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினான். அறிக்கையின் தலைப்பில் எழுதியவர் பெயரைப் பார்த்ததும் அவளுடைய தோள்கள் இறங்கின. எழுதியவன் அவள் தம்பி.

உலகத்தில் அவள் ஆதாரம் கேட்காத ஒரே ஜீவன். சின்ன வயதில் கண்ணாடி டம்ளர் கை நழுவினால், அது தரையைத் தொடும் முன்பே "உடைச்சுட்டேன்" என்று ஒப்புக்கொள்கிறவன். இப்போது நகரத்துக்கு வெளியே சோதனைக் களத்தில் பொறியாளர். அவன் பேரைக் கண்டதும் அவள் அறிக்கையைத் திறக்கவே இல்லை. அதற்காகச் சிரிப்பின் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. தம்பியின் பேரைக் கேடயமாகப் பிடித்திருக்கிறான் என்று புது வடிவம் எடுத்தது. தொலைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"கம்பி அறிக்கை நீ எழுதினதாடா?"

"நான்தான்க்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

வேறு யாராக இருந்தாலும் அடுத்து பத்துக் கேள்வி வந்திருக்கும். பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

அப்போது எதிர் மேசையிலிருந்து குரல் வந்தது. "மேடம், ஒண்ணு கேக்கலாமா? அதைப் படிச்சுட்டீங்களா?"

நிமிர்ந்தாள். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"நீங்க படிக்கலையா?"

"படிச்சேன். பாதிதான் புரிஞ்சுது." மூடி வைத்திருந்த திரையைத் திறந்து காட்டினான். நிரூபண மொழிக்கான ஆரம்பப் பாடம், முதல் அத்தியாயம். "இந்த வயசுல அ ஆ படிக்கிறத யாரும் பார்த்துடக்கூடாதுன்னுதான் மூடிடுவேன். அப்பா இருக்காரான்னு பார்த்து இணைக்கிறது என் வேலைன்னு சொன்னீங்க. அப்பா யாருன்னு பார்க்கிறது உங்க வேலைன்னு நெனச்சேன். இந்த ஒண்ணை நீங்க திறக்கவே இல்லையே, அதான்."

அவள் திறந்தாள். தம்பியின் நடை: சுருக்கம், சுத்தம். 'மின்சாரம் நின்றால் கம்பி உரிய நேரத்துக்குள் விழுகிறது.' கீழே ஆதாரமாக இணைத்திருந்தது கருவியின் சான்றிதழை அல்ல. நிரூபணத்தின் ஒரு தேற்றத்தை. 'ரயில் வருமுன் கம்பி எப்போதும் இறங்கியிருக்கும்.' அவளே போன மாதம் முடித்த தேற்றம். அந்தத் தேற்றம் எதன் மேல் நின்றது? கம்பி விழும் என்ற அதே அனுமானத்தின் மேல்.

அனுமானத்துக்கு அறிக்கை அப்பா. அறிக்கைக்குத் தேற்றம் அப்பா. தேற்றமோ அனுமானத்தின் பிள்ளை. பேரன் தாத்தாவைப் பெற்றிருந்தான். ஒவ்வொரு உறவும் தனித்தனியாக விதிப்படி சுத்தம், அதனால் பச்சை. யாரும் ஒரு பொய் சொல்லவில்லை. யாரும் ஒரு கம்பியையும் தொடவில்லை.

"டேய், நீ அளந்தியா இல்லையா?"

தொலைபேசியில் தம்பியின் குரலோடு களத்துக் காற்றும் கேட்டது. "களத்துல கம்பியைக் கழட்டிப் போட்டிருந்தாங்கக்கா, பழுது பார்க்க. ஒப்படைக்கிற வாரம்னு மேலாளர் அவசரப்படுத்தினார். தேற்றத்தையும் ஆதாரமா காட்டலாம்னு உன் விதியிலேயே இருக்கு. பார்த்தேன், நீ நிரூபிச்சது இருந்துச்சு. நீயே நிரூபிச்சிருந்தா அதுக்கு மேல நான் என்ன அளக்கிறது?"

அவன் அவளை நம்பினான். அவள் அவனை நம்பினாள். நடுவில் கம்பி அந்தரத்தில் நின்றது. யாரையும் நம்பாதவள் என்று பேர் வாங்கியவள், நம்பிய ஒரே இடத்தில் ஒரு பேருந்து போகிற அளவுக்கு ஓட்டை.

சீட்டைப் பிரித்தாள். திரை சிவந்தது. மேலாளரும் சிவந்தார்.

"ஒரே ஒரு சிவப்பு மேடம். ஒண்ணே ஒண்ணு!"

"ரயிலும் ஒண்ணுதான் சார் வரும்."

"விதிப்படி பச்சைதானே? விதி எழுதினது நீங்கதானே?"

"அதனாலதான் சந்தேகமா இருக்கு," என்றாள்.

கம்பியை மறுபடி பூட்டச் சொல்லி, அவளும் சிரிப்பும் களத்துக்குப் போனார்கள். வெட்டவெளி. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். அக்காவுக்கு வணக்கம்கூட இல்லை. மின்சாரத்தை நிறுத்தினார்கள். கம்பி அழகாக விழுந்தது. மறுபடியும். மறுபடியும்.

"போதுமா?" என்றான் தம்பி.

"இன்னும் ஒரு தடவை."

"எதுக்கு? என் மேல நம்பிக்கை இல்ல, அதைச் சொல்லு. ஊருக்கெல்லாம் நீ அப்படித்தான். எனக்கும் அப்படின்னு தெரியாமப் போச்சு."

"உன்னை நம்பினதுலதான்டா இவ்வளவும்."

அவன் பதில் சொல்லுமுன் வெட்டவெளியில் காற்று திரும்பியது. சிரிப்பு மின்சாரத்தை நிறுத்தினான். கம்பி இறங்கத் தொடங்கி, பாதியில் நின்று யோசித்தது. அதன் மேல் வரிசையாகத் தொங்கிய எச்சரிக்கைத் தகடுகள் பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக்கொண்டன. பிறகு, வேண்டா வெறுப்பாக, மெல்ல வந்து படுத்தது. தம்பி கையிலிருந்த கருவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். நிஜ ரயிலாக இருந்தால் எப்போதோ கடந்து போயிருக்கும்.

"நான் எழுதிக் கொடுத்திருக்கேனே," என்றான், கிட்டத்தட்ட தனக்குள். "விழும்னு எழுதிக் கொடுத்திருக்கேனே அக்கா."

அவள் அவன் முதுகில் கையை வைத்தாள்.

தகடுகளில் ஓட்டை போட்டு, கம்பியின் முனையில் எடை கூட்டி, காற்று வீசும் நாளாகப் பார்த்துத் திரும்ப அளந்தார்கள். ஒப்படைப்பு தள்ளிப்போனது, மேலாளர் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உறவுமுறையில் ஒரு விதி கூடியது: எந்தச் சங்கிலியும் தன் தலையையே வந்து தொடக்கூடாது. அதைச் சோதிக்கும் சிறு நிரலை எழுதியது சிரிப்பு, பாடத்தின் நாலாவது அத்தியாயத்தை முடித்த கையோடு. அவள் அதை மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் அவன் சிரித்தான். இப்போதும் அவளுக்கு அந்தச் சிரிப்பு முழுதாகப் பிடிபடவில்லை.

புது அறிக்கையைத் தம்பி நேரிலேயே கொண்டுவந்தான். அவள் வாயைத் திறக்குமுன் கருவியின் சான்றிதழை மேசையில் வைத்தான். காற்று அளந்த கருவிக்கும் இன்னொன்று. கேட்காமலே அவன் காட்டியது அவளுக்கு உள்ளே எங்கோ குத்தியது. ஆனாலும் இரண்டையும் படித்தாள், முதல் எழுத்திலிருந்து. அவன் எதிரே உட்கார்ந்து அவள் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

"வா, வீட்ல இறக்கிவிடறேன்," என்றான்.

காரில் ஏறி இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டாள். கார் தெருமுனை திரும்பியது. பிறகு, அடக்கிப் பார்த்தும் முடியாமல் கேட்டாள்: "பெட்ரோல் இருக்காடா?"

அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, பெட்ரோல் முள் அவளுக்குத் தெரியும்படி சற்றே விலகி உட்கார்ந்தான்.