ஹாலோங் கடலுக்கு வந்து சேர்ந்த மஞ்சள் பை

அல்லாஹ்வின் அருள் உங்கள் எல்லோர் மீதும் இருக்கட்டும், சகோதரிகளே.

கப்பல் அறைக்குள் நுழைந்ததும் பையைத் திறந்தேன். மீன் ஊறுகாய் இருந்தது. பொரித்த கருவாடு இருந்தது. என் கணவரின் இன்சுலின் இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். இல்லை. வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் கடலும் மூடுபனியும்தான்.

நோன்பு தொடங்க மூன்று வாரம் இருந்தபோது நடந்தது இது. இங்கே வளைகுடாவில், முவைலாவில் எங்கள் பக்காலா மளிகைக் கடைக்கு வந்து அரிசி, பருப்பு வாங்கியவர்கள் உங்களில் உண்டு. இருபது வருடமாக அந்தக் கடையும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சொந்த ஊர் கீழக்கரையும்தான் எங்கள் உலகம். "வாப்பா, எனஃப் ஆஃப் திஸ் ஷாப்" என்று சொல்லி எங்கள் மகள்தான் வியட்நாமுக்கு டிக்கெட் போட்டாள்.

எனக்குப் பயம். போன வருடம் கடையில் ஸ்டாக் எடுக்கும் மும்முரத்தில் இவர் இரண்டு நாள் ஊசியை விட்டுவிட்டு, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இனி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது" என்று டாக்டர் சொன்னபோது இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து ஊசி என் பொறுப்பு.

ஹனோய் நகரத்தை என்னவென்று சொல்வேன்! முவைலாவில் பச்சை என்றால் ரவுண்டானாவில் குழாய் போட்டு வளர்க்கும் புல்தான். அங்கே பழைய சுவரில்கூட மரம் முளைத்து நிற்கிறது. தெருவெல்லாம் மோட்டார் பைக். ஒரு பைக்கில் ஒரு பெண் மூன்று பூக்கூடைகளையும் தன் மகளையும் ஏற்றிக்கொண்டு சிரித்தபடி போகிறாள். சாலையைக் கடக்கத் தெரியாமல் நாங்கள் அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் இவர் என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். இத்தனை வருட வாழ்க்கையில் நடுத்தெருவில் இவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பைக்குகள் எங்களைச் சுற்றி விலகிப் போயின. ஒருவர்கூட முறைக்கவில்லை.

ஆனாலும் நான் ஒரு சந்தேகப் பிராணி. ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்ய ஓர் அம்மா வருவார். மெலிந்த உடம்பு, தலையில் துணி. இரண்டு நாளும் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். "யாரையும் உள்ள விடாதீங்க, நம்ம சாமான் எல்லாம் வெளிய கெடக்கு" என்று சொல்லிவிட்டு, தொந்தரவு செய்யாதீர்கள் என்ற சிவப்பு அட்டையைக் கதவில் மாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை இவருக்கு ஊசி போட்டேன். வெயில் ஊர்ப் பழக்கம் போகுமா? போட்ட கையோடு மருந்துப் பெட்டியை மறுபடியும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அறையைக் காலி செய்து கிளம்பும்போது ஹலால் சாப்பாடு கிடைக்காதே என்ற கவலையில் ஊறுகாயையும் கருவாட்டையும் பத்திரமாக எடுத்துக்கொண்டேன். மருந்தை விட்டுவிட்டேன்.

மூன்று மணி நேரம் பஸ், பிறகு கப்பல். இரவு அதில்தான் தங்கல். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டாக வேண்டும். எங்கள் வழிகாட்டி லான் என்ற நடுவயதுப் பெண். அவரிடம் ஓடினேன். "பாறைகளுக்கு நடுவில் போன் சிக்னல் கிடைக்கவில்லை. பனி விலகும்வரை சின்னப் படகுகளை விட மாட்டார்கள்" என்றார். அவர் முகமும் வாடிவிட்டது.

நான் அழுதேன். இவர் என் தோளைத் தட்டினார். "அழாத ஜெமீலா. ஊறுகாய எடுத்து வச்சிருக்கியே, அத வேணா ஊசில ஏத்திப் பாப்போம்" என்றார்.

"இந்த நேரத்துல வெளையாட்டா உங்களுக்கு?"

"வேற என்ன புள்ள செய்யச் சொல்ற? கேக்க வேண்டியவன்ட்ட கேளு."

மாலை அஸர் தொழுகைக்கு நேரமானது. மக்கா எந்தத் திசை என்று கேட்டேன். கப்பல் தலைவர் தன் கருவியைப் பார்த்துவிட்டு மேற்கே கையை நீட்டினார். தொழுதேன். "யா அல்லாஹ், நான் தவறிவிட்டேன். இவருக்காக யாரையாவது அனுப்பு." வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

தலை நிமிர்ந்தபோது பனி கலையத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு பாறை தெரிந்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. பச்சைத் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து, உச்சியில் மரங்களோடு நிற்கின்றன. இப்படியும் ஒரு கடலைப் படைத்தானே என்று அழுத கண்ணோடு வாய் பிளந்து நின்றேன். சுப்ஹானல்லாஹ்!

அப்போது மோட்டார் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் படகு. அதிலிருந்தவர் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஐஸ் கட்டிகள், அவற்றின் நடுவே மருந்துப் பெட்டி. கூடவே ஒரு சீட்டு. லான் வாசித்துச் சொன்னார்: "இது குளிராக இருக்க வேண்டும். என் அம்மாவும் இதைத்தான் போட்டுக்கொள்கிறார்."

நாங்கள் கிளம்பிய பிறகு அந்த அறைக்குள் போனவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்ததும் அவர் ஹோட்டல் வரவேற்பறைக்கு ஓடிப்போய், எங்கள் கப்பல் எது என்று கேட்டு, அடுத்த பஸ்ஸில் அனுப்ப வைத்திருக்கிறார். நான் தொழ நின்றபோது மருந்து துறைமுகத்துக்கு வந்து, பனி விலகக் காத்திருந்தது. நான் கேட்கும் முன்பே அல்லாஹ் அனுப்பிவிட்டான். அதுவும் யாரை? நான் வாசலில் நிறுத்தியவரை!

மறுநாள் ஹனோய் திரும்பியதும் அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். துடைப்பத்தோடு வந்தார். இரண்டு நாள் விரட்டியவள் கூப்பிடுகிறாளே, ஏதோ புகார் என்று பயந்துவிட்டார் போல. கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்னிடமிருந்த ஊறுகாய் பாட்டிலை அவர் கையில் வைத்தேன். திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினார். இருவரும் சிரித்தோம். அவர் பெயர் ஹான்.

இப்போது ஒவ்வொரு அஸரிலும் ஹானுக்காகவும், அவர் தாயாருக்காகவும் கையேந்துகிறேன். இவர் நலமாகக் கடையில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

நீங்களும் கேளுங்கள், சகோதரிகளே. அவன் தருவான். ஆனால் கேட்டுவிட்டு, என்னைப்போல் கதவில் சிவப்பு அட்டையை மாட்டி வைக்காதீர்கள்.