டொராண்டோவில் ராகுகாலம்

காரைக்குடிக்கும் டொராண்டோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நான் ராத்திரி இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது மகள் காலைக் காபியோடு போனில் வருவாள். முப்பது வருடம் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டியவளுக்கு இந்தக் கணக்கா வராது?

கணக்கு வரும். அந்த ஊரின் குணம்தான் பிடிபடாது. இங்கே ஒருவர் "இந்தா வந்துக்கிட்டே இருக்கேன்" என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று பொருள். அங்கே மூன்று நிமிடம் தாமதமாக வருகிறவன் மூன்று முறை மன்னிப்புக் கேட்கிறானாம். வருடத்துக்கு இரண்டு தடவை அரசாங்கம் கடிகாரத்தை மாற்றி வை என்கிறது, மொத்த ஊரும் வாயைத் திறக்காமல் மாற்றி வைக்கிறது. நம் ஊரில் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், டீக்கடைக்கு ஒரு மணியாக ஊரே ரெண்டுபட்டுப் போகும்.

போன ஏப்ரலில் மகள் ஒரு வாடகை வீடு பார்த்தாள். கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறை. என் முழங்கால் படியேறாது என்பதால், நாங்கள் வந்து தங்குவதற்கென்றே தேடிப் பிடித்த வீடு. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கையெழுத்து என்றாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். வெள்ளி, ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

"பன்னிரண்டே காலுக்கு மாத்தச் சொல்லு" என்றேன்.

"அது உங்க ஊரு காலண்டரும்மா."

"வெள்ளிக்கெழம எல்லா ஊருக்கும் வெள்ளிக்கெழமதான்."

என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நம்ம ஊரு பத்தரைக்கு அவ தூங்கிக்கிட்டு இருப்பா. ராகுவ இங்குட்டே நிப்பாட்டு" என்றார்.

"ஒண்ணும் தெரியாமப் பேசாதீக" என்று அவர் வாயை அடைத்தேன்.

மகள் வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே தாராளமாக என்றிருக்கிறாள். பன்னிரண்டே காலுக்குப் போனால், பதினொன்றரைக்கு வந்தவர்களுக்கு வீட்டைக் கொடுத்தாயிற்று என்று அதே சிரிப்பு. காரைக்குடி வீட்டுக்காரர் என்றால் ராகுகாலத்தில் சாவியையே தொட்டிருக்க மாட்டார். வந்தவர்களையும் உட்காரவைத்து மோர் கொடுத்திருப்பார். இந்த ஊரை நம்பி அந்த ஊரில் விளையாடிவிட்டேன்.

அடுத்த வாரம் குன்றக்குடி போனோம். கணவர் மலையேற, நான் அடிவாரத்தில் ஒரு ஜோசியரிடம் புலம்பினேன். அவர் போனை எடுத்து எதையோ தேடினார்.

"அங்க ஆறே முக்காலுக்குத்தான் சூரியன் உதிக்குது. காலண்டர்ல போட்டிருக்கது ஆறு மணிக்கு உதிக்கிற கணக்கு. அங்க ராகுகாலமும் தள்ளித்தான் வரும். பதினொண்ணு சுத்தமான நேரம்மா. பன்னிரண்டே கால்தான் நட்டநடு ராகுகாலம்."

இறங்கி வந்த கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விபூதி பறந்தது. எனக்கு அழுகை வந்தது. மலையடிவாரம் என்றும் பார்க்காமல் அவரைத் திட்டினேன். பாவம், அவர் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் வீடு கிடைத்திருக்கும்.

மகள் பிறகு வேறு வீட்டுக்குப் போனாள். போய் மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்கே சொன்னாள்.

"பால் காய்ச்சுனியா? எந்த நேரத்துல?" என்று கேட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"எனக்கு லீவு கெடச்ச நேரத்துலம்மா."

மாடி வீடாம். பதினெட்டுப் படியாம். எப்போதும் போனை வைப்பதற்கு முன் "எப்பம்மா வாரீக?" என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.